வரிசையில் நின்று ஊட்டிய பஞ்சாமிர்தம்

ஆபரேஷன் செய்துகொண்டால் இனிப்பு ஆசை தானாகப் போய்விடும் என்று மருத்துவமனையில் என்னிடம் சொன்ன அத்தனை பேரும் தயவுசெய்து ஒரு வரிசையில் வந்து நிற்கவும். உங்களோடு எனக்குப் பேச வேண்டியிருக்கிறது. போகவில்லை. டாக்டர் கை வைத்தது வயிற்றில். நாக்கு அப்படியேதான் இருக்கிறது. சொல்லப்போனால் முன்பைவிட மோசம். முன்பு ஒரு லட்டை விழுங்கிவிட்டு அடுத்ததை எடுப்பேன். இப்போது ஒரு லட்டைப் பற்றி மூன்று நாள் யோசிக்கிறேன்.

விஷயம் சுருக்கமாக இதுதான். பத்தொன்பது வயதில் எனக்கு இனிப்பு நீர் வியாதி என்று தெரிந்தது. அப்போது நூற்றிருபது கிலோ இருந்தேன். மாத்திரை, ஜிம், சோறில்லாத வாழ்க்கை, விடியற்காலையில் எங்கள் குடியிருப்பான தாமானைச் சுற்றி நடை என்று எல்லாம் பார்த்தாயிற்று. எடை இறங்கும். பிறகு ஏறும். ஏறும்போது துணைக்கு இன்னும் இரண்டு கிலோவை அழைத்துக்கொண்டு வரும். அடுத்த வருடம் செமஸ்டர் விடுமுறையில் கோலாலம்பூரில் ஆபரேஷன் நடந்தது. வயிற்றை ஒரு முட்டை அளவுக்குச் சின்னதாக்கி, குடலைக் கொஞ்சம் கீழே வெட்டி அதோடு இணைத்துவிட்டார்கள். இதைக் குறுக்குவழி என்று சொல்கிறவர்கள் இரண்டு வாரம் வடிகட்டிய சூப்பை மருந்து மூடியில் ஊற்றிக் குடித்து உயிர் வாழ்ந்து காட்டட்டும். பிறகு பேசலாம்.

அந்தச் சின்ன வயிற்றுக்கு ஒன்று மட்டும் ஆகாது. இனிப்பு வேகமாக இறங்கக் கூடாது. மூன்றாவது மாதம் கிள்ளானில் ரோட்டோரக் கடையில் ஒரு கிண்ணம் செண்டோல், தேங்காய்ப்பாலும் வெல்லப்பாகும் ஊற்றிய ஐஸ், சாப்பிட்டேன். முழுக் கிண்ணம்கூட இல்லை, பாதி. பத்து நிமிடத்தில் நெஞ்சு படபடவென்று அடித்தது. முகம் கொதித்தது, நெற்றி வேர்த்தது, கை நடுங்கியது, வயிறு முறுக்கியது. கடைக்காரரின் பிளாஸ்டிக் நாற்காலியில் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, சரி, இருபது வயதில் செண்டோல் குடித்துச் செத்தவள் என்று எழுதப் போகிறார்கள் என்று நினைத்தேன். சாகவில்லை. முக்கால் மணி நேரத்தில் எல்லாம் அடங்கி, லோரியில் அடிபட்டவளைப் போல வீட்டுக்குப் போய்த் தூங்கினேன்.

மருத்துவமனை டயட்டீஷியன் அக்கா கதையைக் கேட்டுச் சிரித்தார். சர்க்கரை தங்குவதற்கு வயிற்றில் இடமில்லாததால் மொத்தமாகக் குடலுக்குள் கொட்டிவிடுகிறது, உடம்பு பதறிப்போகிறது, டாக்டர்கள் இதை டம்பிங் என்பார்கள் என்று விளக்கினார்.

"அப்ப இனிப்பே தொடக்கூடாதாக்கா?"

"தொடவே கூடாதுன்னு சொன்னா நீ கேப்பியா?"

"மாட்டேன்."

"அப்ப ஒழுங்கா கேளு. மொதல்ல முட்டை, கோழி, பருப்பு, ஏதாச்சும் ஒன்னு. அது உள்ள போனதுக்கு அப்புறம்தான் இனிப்பு. ஒரு டீஸ்பூன் அளவு. மெதுவா மெல்லணும். கூடவே தண்ணி குடிக்கக்கூடாது. வாரத்துக்கு ஒரு தடவ. ஒனக்கு உண்மையிலேயே புடிச்சதா இருக்கணும். புடிக்காத கேக்குக்கு ஒன்னோட ஒரு ஸ்பூன வேஸ்ட் பண்ணாத."

எனக்கு இதுவரை யாரும் சொன்னதிலேயே உருப்படியான அறிவுரை இதுதான்.

கல்லூரி பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் இருந்தது. வெள்ளிக்கிழமை வகுப்பு முடிந்ததும் இனிப்புக் கடைக்குப் போவேன்.

"அண்ணே, ஒரு ஜாங்கிரி."

"ஒரு கிலோவாம்மா?"

"ஒன்னே ஒன்னு."

"ஒன்னா? யாருக்கு, சாமிக்குப் படைக்கவா?"

"எனக்குத்தான்ணே."

"டயட்டா தங்கச்சி? டயட்னா வாங்காத லா. வாங்குனா நல்லா வாங்கு."

ஒவ்வொரு வெள்ளியும் இதே நக்கல். வாங்கிக்கொண்டு சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு நடப்பேன். கிள்ளான் ரயில் வருவதற்கு முன்னால் பெஞ்சில் உட்கார்ந்து அவித்த முட்டை ஒன்றை முடித்து, பத்து நிமிடம் காத்திருந்து, ஜாங்கிரியில் ஒரே ஒரு வளையத்தை உடைத்து வாயில் போடுவேன். மீதி என்னோடு ரயிலேறும் கல்லூரிக் கூட்டாளிக்கு. அவள் அதை இரண்டு கடியில் முடித்துவிடுவாள். என் வளையம் எட்டு நிமிடம் தாங்கும். பாகு உடைவதும், உளுந்து நெய்யில் வெந்த வாசனை மேலே வருவதும் எனக்கு இப்போதுதான் தெரியும். நூற்றிருபது கிலோவில் இருந்தபோது நான் ஜாங்கிரியை ருசித்ததே இல்லை.

இந்த ஏற்பாட்டை நிலைநிறுத்த எனக்கு மாதக்கணக்கில் ஆனது. எத்தனை தடவை தோற்று, எத்தனை தடவை கழிப்பறைத் தரையில் உட்கார்ந்து கற்றுக்கொண்டது! என் வாழ்க்கையில் நானாகச் சாதித்தது ஏதாவது உண்டு என்றால் அந்த ஒரு வளையம்தான். அதைத்தான் என் சொந்தக்காரர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மேடையேற்றி நாசம் செய்தார்கள்.

ஆபரேஷன் செய்ததே வீட்டுக்கு வெளியே யாருக்கும் தெரியாது. அம்மாவின் உத்தரவு. நான் மருத்துவமனையில் கிடந்தபோது, பினாங்கில் பயிற்சிக்குப் போயிருக்கிறாள் என்று சொந்தக்காரர்களிடம் சொல்லிவிட்டார்.

"ஏம்மா மறைக்கணும்? நான் என்ன திருடுனேனா?"

"நாளைக்கு ஒன்ன பொண்ணு கேட்டு வரவங்க என்னா சொல்லுவாங்க? வயித்த வெட்டுன பொண்ணுன்னுதான் சொல்லுவாங்க. வெக்கக்கேடு, மாலு லா."

எடை இறங்க இறங்கப் பொய் வளர்ந்தது. சோற்றை நிறுத்திவிட்டாள், தினமும் நடக்கிறாள், மனக்கட்டுப்பாடு. நாற்பது கிலோ குறைந்தபோது நான் குடும்பத்துக்கே உதாரணம் ஆகிவிட்டேன். "அவளப் பாரு, மனசு வெச்சா முடியாதா?" என்று குண்டாக இருக்கும் இன்னொரு பெண்ணை என் எதிரிலேயே குத்துவார்கள். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொள்வாள். நான் வாயை மூடிக்கொண்டு நிற்பேன். அம்மாவின் பொய்க்கு நான் கொடுத்த அமைதியை நினைத்தால் எனக்கு இன்னும் எரிகிறது.

அதற்குள் இருபத்தோராவது பிறந்தநாள் வந்தது. எங்கள் ஊரில் அது பாதிக் கல்யாணம். டேவான் என்கிற மண்டபத்தைப் பிடித்து, மேடை போட்டு, ஆள் உயரத்துக்கு வெள்ளிக் காகிதம் சுற்றிய சாவி ஒன்றைச் செய்து, எம்.சி. அழைத்து, பிள்ளை பெரியவளாகிவிட்டாள், இனி அவள் முடிவை அவளே எடுப்பாள் என்று ஊரறியச் சாவியைக் கையில் கொடுப்பார்கள். கொடுத்த கையோடு வாயைத் திறக்கச் சொல்வார்கள். சொந்தக்காரர்கள் ஜோடி ஜோடியாக மேடையேறி, கேக்கை ஊட்டி, கேமராவைப் பார்த்துச் சிரித்துவிட்டு இறங்குவார்கள். ஊட்டாமல் இறங்கினால் அவமானம். வாயைத் திறக்காவிட்டால் அதைவிட அவமானம்.

"பார்ட்டியே வேணாம்மா."

"எல்லாப் புள்ளைங்களுக்கும் செஞ்சாங்க. நம்ம மட்டும் செய்யலன்னா கேப்பாங்க."

"வரிசையா வந்து கேக் ஊட்டுவாங்களே. நான் என்ன பண்றது?"

"அத நான் பாத்துக்குறேன்."

எப்படிப் பார்த்துக்கொண்டார் என்பது பிறந்தநாளுக்கு இரண்டு வாரம் முன்பு தெரிந்தது. ஜெஞ்சாரோமில் இருக்கும் அத்தை, அப்பாவின் அக்கா, போன் செய்தார்.

"என்னாம்மா, பால்குடம் எடுக்குறியாமே! எத்தன நாளு வெரதம்? எங்க ஆளுங்களோட வந்துரு. பத்துமலைக்கு பஸ் போட்டிருக்கோம்."

"யாரு அத்தை சொன்னா?"

"ஒங்கம்மாதான் சொன்னாங்க. கேக்குல முட்ட இருக்கும், வெரதக்காரிக்கு யாரும் ஊட்டிறாதீங்கன்னு. நல்ல புள்ள நீ. முருகன் ஒன்ன எப்புடி எளைக்க வெச்சிட்டான் பாத்தியா!"

அம்மா சமையலறையில் பயத்தங்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். போனை அவர் முன்னால் வைத்தேன்.

"சாமி பேர்லயே பொய் சொல்லுவீங்களா?"

"பொய் எங்கடி சொன்னேன்? தைப்பூசத்துக்கு இன்னும் நாள் இருக்குல்ல. எடுத்துட்டா பொய் இல்லல்ல?"

"நான் எடுக்க மாட்டேன்."

"அத அப்புறம் பேசலாம். இப்ப கேக் பிரச்சன தீந்துச்சா இல்லையா?"

தீர்ந்தது என்றுதான் நானும் நினைத்தேன். அதுதான் என் தவறு. விரதம் என்றால் கேக் வராது என்று இரண்டு பேரும் கணக்குப் போட்டோம். விரதத்துக்குச் சர்க்கரை ஆகாது என்று எந்தக் கோயிலிலும் எழுதிவைக்கவில்லை என்பதை இரண்டு பேருமே மறந்துவிட்டோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை டேவான் நிறைந்திருந்தது. நான் நீலப் பட்டுப்பாவாடையில், ஜாக்கெட்டை இரண்டு தடவை பிடித்துத் தைத்து, மேடையில் அந்தச் சாவியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். கேக் வெட்டினேன். எம்.சி. மைக்கில், "நம்ம பேர்த்டே கேர்ள் வெரதத்துல இருக்காங்க, அதனால இன்னிக்கு கேக் ஊட்டுறது இல்ல" என்றார். எனக்கு மூச்சே திரும்பி வந்தது. அப்போது அம்மாவின் அக்கா, என் பெரியம்மா, ஈரத் தலையில் பூவோடு, ஒரு பெரிய எவர்சில்வர் தூக்கை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு படியேறினார்.

"காலையில கோயில்ல இவ பேருக்கும் நட்சத்திரத்துக்கும் அபிஷேகம் பண்ணிட்டு வரேன். பஞ்சாமிர்தம். வெரதக்காரிக்கு இதவிட என்ன வேணும்?"

எம்.சி.க்கு உற்சாகம் பொங்கிவிட்டது. "கேக்குக்குப் பதிலா முருகன் பிரசாதம்! ஒரு ஜோடிகூட மிஸ் பண்ணாம மேல வாங்க!" கூட்டம் கை தட்டியது. நாற்காலிகள் நகர்ந்தன. வரிசை மேடையிலிருந்து சாப்பாட்டு மேசை வரைக்கும் நீண்டது. நாற்பது ஜோடியாவது இருக்கும்.

கேக் என்றால் ஆயிரம் சாக்கு சொல்லலாம். பல்வலி, தொண்டைவலி, உதட்டுச் சாயம். பிரசாதத்துக்குச் சாக்கே கிடையாது. வேண்டாம் என்று சொல்ல முடியாது, துப்ப முடியாது, டிஷ்யூ பேப்பரில் சுருட்டி மறைக்க முடியாது. அம்மா பக்கத்தில் வந்து நின்றார். முகம் வெளுத்துப்போயிருந்தது.

"அம்மா, சொல்லிருங்க. இப்பவே சொல்லிருங்க."

"எல்லாரும் பாக்குறாங்க. கொஞ்சம் கொஞ்சமா வாங்கிக்கோ."

"நாப்பது ஜோடிம்மா."

"சிரி. கேமரா பாக்குது."

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். பெரியம்மா ஊட்டிய முதல் கரண்டி எனக்கு வேண்டியிருந்தது. கனிந்த வாழைப்பழம், நாட்டுச் சர்க்கரை, தேன், பேரீச்சை, நெய், நடுவில் பல்லில் நெறிபடும் கற்கண்டு. ஒரு வருடமாக நான் பஞ்சாமிர்தம் தொடவில்லை. ஒரு டீஸ்பூன், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, ஒரு ஓரமாக உட்கார்ந்து, என் நேரத்துக்கு என்று கொடுத்திருந்தால் அந்த வாரத்துக்கே அது போதும். அந்த ஒன்றை மட்டும் எனக்கு யாரும் விட்டுவைக்கவில்லை.

இரண்டாவது ஜோடி ஜெஞ்சாரோம் அத்தையும் மாமாவும். அத்தைக்குப் பாசம் அதிகம், கரண்டியும் பெரிது. மூன்றாவது சித்தப்பா வீடு. நான்காவது யார் என்றே எனக்குத் தெரியாது, ஆனால் அவர் என் தாடையைப் பிடித்து ஊட்டினார். "இன்னும் கொஞ்சம் வாயத் தொறம்மா." "அண்ணே, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, மூஞ்சி மறைக்குது" என்று போட்டோகிராஃபர் கத்தினார். ஒரு ஜோடி ஊட்டியது படத்தில் சரியாக விழவில்லை என்று மறுபடி ஊட்டியது. நான் உதட்டோடு வாங்கிக்கொள்ளப் பார்த்தேன். "பாதி கீழ விழுவுது பாரு, பிரசாதம் கீழ விழலாமா?" என்று விழுந்ததையும் வழித்து உள்ளே போட்டார்கள். ஒன்பதாவது ஜோடியின்போது காது அடைத்தது.

பிறகு எல்லாம் சேர்ந்து வந்தது. நெஞ்சு பட்டுத் துணிக்கு மேலேயே துடிப்பது எனக்குத் தெரிந்தது. வேர்வை கண்ணுக்குள் இறங்கியது. கையிலிருந்த சாவி நடுங்கி மேடையில் விழுந்தது. முழங்கால் ஆட, பிறகு உடம்பே ஆட, நான் மேடையிலேயே உட்கார்ந்தேன். கண் பாதி மூடியிருந்தது.

"வெரதத்துல சுகர் எறங்கிருச்சு!" இது சித்தப்பா. "யாராச்சும் சிரப் தண்ணி கலக்கிக் கொண்டாங்க, நல்லா இனிப்பா!"

"சிரப்பா? என்னா பேசுற நீ?" இது அத்தை. "புள்ள ஆடுறது தெரியல? சாமி வந்திருக்கு! மேளத்த நிப்பாட்டு!"

மேளம் என்று ஒன்றும் இல்லை, ஸ்பீக்கரில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. யாரோ அதை நிறுத்தினார்கள். டேவான் முழுக்க அமைதி. பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஒருவர் செருப்பைக் கழற்றினார். பெரியம்மா கைப்பையிலிருந்து விபூதி எடுத்து என் நெற்றியில் அப்பினார். ஒரு பக்கம் சிரப், ஒரு பக்கம் விபூதி. வயிறு முறுக்கிக்கொண்டு கிடக்கிறவளுக்கு இரண்டு மருந்து, இரண்டுமே தப்பு. அம்மா மட்டும் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "ஒன்னும் இல்ல, ஒன்னும் இல்ல" என்று யாரிடம் சொல்கிறார் என்றே தெரியாமல் சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரியும் இது என்ன என்று. அந்த டேவானில் எனக்கும் அப்பாவுக்கும் அவருக்கும் மட்டும்தான் தெரியும். அப்பா தூரத்தில் சாப்பாட்டு மேசைப் பக்கம் இருந்தார்.

அத்தை என் முன்னால் மண்டியிட்டுக் கை கூப்பினார். எம்.சி., அந்தப் புண்ணியவான், வாக்கு எல்லாருக்கும் கேட்கட்டும் என்று மைக்கை என் வாய்க்கு நேராக நீட்டினார்.

"தாயே," அத்தை தலையைக் குனிந்து கேட்டார், "யாரு வந்திருக்கீங்க? என்னா கொற? சொல்லுங்க."

இருபத்தொரு வருடத்தில் என் குடும்பம் என்னிடம் இவ்வளவு மரியாதையாகப் பேசியதே இல்லை. நானூறு கண்ணும் என் மேல். யாரும் குறுக்கே பேசவில்லை, யாரும் அறிவுரை சொல்லவில்லை. நான் நானாக இருந்தபோது கிடைக்காத அமைதி, நான் வேறு யாரோ என்று நினைத்ததும் கிடைத்துவிட்டது. நடுக்கத்தைவிட அந்தக் கோபம்தான் எனக்குப் பெரிதாக வந்தது.

"நான்தான் அத்தை வந்திருக்கேன்" என்றேன். மைக்கில் என் குரல் டேவானைச் சுற்றி வந்தது. "சாமியெல்லாம் இல்ல. நான்தான். வயித்துல ஆபரேஷன் பண்ணியிருக்கேன். பத்து மாசம் ஆச்சு. அதுலதான் எளைச்சேன். எனக்கு இப்ப வயிறு ரொம்ப சின்னது. இனிப்ப இப்படி மொத்தமா ஊட்டுனா இதான் ஆகும். வெரதம் இல்ல. பால்குடம் எடுக்குறேன்னு நான் யாருகிட்டயும் சொல்லல. தயவுசெஞ்சு அந்த சிரப்ப அந்தப் பக்கம் கொண்டு போங்க."

அத்தை கூப்பிய கையோடு அப்படியே இருந்தார். கையை இறக்குவதா வேண்டாமா என்று அவருக்குத் தெரியவில்லை. வரிசையின் வாலில் யாரோ, "ஆபரேஷனா?" என்றார்கள். அது முன்னாலிருந்து பின்னாலும் பின்னாலிருந்து முன்னாலும் போய் வந்தது. எம்.சி. மைக்கை மெல்ல இழுத்துக்கொண்டு, "சரி, லஞ்ச் ரெடியா இருக்கு" என்றார்.

மேடைக்குப் பின்னால் நாற்காலி உறைகளைக் குவித்துவைத்திருந்த அறையில் போய்ப் படுத்தேன். கதவுக்கு வெளியே சித்தப்பாவின் குரல்.

"அதான பாத்தேன். ஷார்ட்கட். நம்ம பொண்ணு தெனமும் நடக்குறான்னு நம்பிட்டோம்."

படுத்த இடத்திலிருந்தே கத்தினேன். "நடந்தேன் சித்தப்பா! தெனமும் நடந்தேன்! ஆபரேஷனுக்கு முன்னாடியும் நடந்தேன், அப்புறமும் நடக்குறேன். நீங்க காலேஜுக்கு வந்தா நான் நடக்குறத பாக்கலாம். ரெண்டும் செஞ்சாத்தான் எறங்குது!"

கொஞ்ச நேரத்தில் ஜெஞ்சாரோம் அத்தை மட்டும் உள்ளே வந்து கதவைச் சாத்தினார். என் காலடியில் உட்கார்ந்து பாதத்தைப் பிடித்துவிட்டார்.

"வலிச்சுதாம்மா? வெட்டும்போது?"

"மயக்கத்துல தெரியல அத்தை. அப்புறம் வலிச்சுது."

"தனியாவா படுத்திருந்த?"

"அம்மா இருந்தாங்க."

"எங்கிட்ட சொல்லியிருந்தா நானும் வந்திருப்பேன்ல." அவர் மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டார். பிறகு எழுந்து போகும்போது, வாசலில் நின்று, "இருந்தாலும் நீ ஆடினது சாதாரணமா தெரியல எனக்கு" என்றார். அவர் நம்பிக்கையை உடைக்க எந்த டாக்டராலும் முடியாது.

அம்மா என்னோடு பேசுவதை நிறுத்தினார். என் மானத்தை மைக் போட்டு வாங்கிவிட்டாள் என்று அப்பாவிடம் சொன்னார், எனக்குக் கேட்கும்படி. சொன்ன சொல் முருகனிடம் சொன்னதாக ஆகிவிட்டது, நிறைவேற்றாவிட்டால் குற்றம் என்று அவருக்குப் பயம் வேறு. பால்குடம் எடுக்கச் சொல்லி என்னைக் கேட்டார், என்னை நேரடியாகக் கேட்கவில்லை, அப்பா வழியாகக் கேட்டார். நான் மாட்டேன் என்றேன். பொய் சொன்னது நான் இல்லையே. ஆகவே அவரே விரதம் இருந்து, அவரே மஞ்சள் சேலை கட்டி, அத்தையின் பஸ்ஸில் ஏறிப் பால்குடம் எடுத்துவிட்டு வந்தார். பொய் சொன்னது அவர், விரதம் இருந்தது அவர், படியேறியது அவர். முறைப்பு மட்டும் எனக்கு.

சரி, உண்மையாவது வெளியே வந்துவிட்டது, இனி என் வாய் என்னுடையது என்று நினைத்தேன். அங்கேதான் ஏமாந்தேன். தைப்பூசம் முடிந்த அடுத்த மாதம் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு நிச்சயதார்த்தம், பெரியம்மாவின் மகளுக்கு. சாப்பாட்டு நேரத்தில் ஒரு வட்ட மேசையில் பெண்களாக உட்கார்ந்தோம். அம்மா எனக்கு எதிரில். இலையில் எல்லாருக்கும் ஒரு மைசூர்பாகு வைத்தார்கள். நெய்யில் ஊறி, ஓரத்தில் சிவந்து, தொட்டால் பொடியும் வகை. என் வாரத்து இனிப்பு இதுதான் என்று இலைக்கு வந்தவுடனேயே முடிவு செய்துவிட்டேன். இலை ஓரத்தில் தள்ளிவைத்துவிட்டு, பருப்பையும் பன்னீரையும் ஒழுங்காக, மெதுவாக, பிள்ளை பாடம் படிப்பதைப் போலச் சாப்பிட ஆரம்பித்தேன்.

வலது பக்கத்திலிருந்து ஒரு கை நீண்டு மைசூர்பாகை எடுத்தது. பெரியம்மா. மேடையில் முதல் கரண்டி ஊட்டிய அதே கை.

"ஒனக்கு ஆகாதும்மா. பாத்தோம்ல அன்னிக்கு."

"பெரியம்மா, அத வைங்க."

"ஐயோ வேணாம் லா, மறுபடி ஆட ஆரம்பிச்சிட்டா?" இது இன்னொரு ஆன்டி. மேசை சிரித்தது.

"ஆபரேஷன் பண்ணதே இனிப்ப நிப்பாட்டத்தான, அப்புறம் எதுக்கு?" இது மூன்றாவது ஆன்டி, வாய் நிறைய மைசூர்பாகோடு.

"கெசியான், பாவம், ஆச இருக்கும்ல. ஆனா அடக்கணும்."

அன்றைக்கு வாயைப் பிடித்துத் திறந்தவர்கள் இன்றைக்கு இலையிலிருந்து பிடுங்குகிறார்கள். இரண்டுக்கும் நடுவில் யாராவது ஒருவர், ஒரே ஒருவர், உனக்கு எவ்வளவு வேண்டும் என்று கேட்டாரா? எனக்குக் காது சூடாகிவிட்டது.

"எனக்கு ஆகும்" என்றேன். குரல் நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்தது. "நீங்க ஊட்டுனாத்தான் ஆகாது. நானா சாப்புட்டா ஆகும். எவ்ளோ, எப்போ, எதுக்கப்புறம்னு எனக்குத் தெரியும். வெச்சிருங்க பெரியம்மா. உங்க மக நிச்சயத்துல சண்ட போட வெக்காதீங்க."

பெரியம்மா அம்மாவைப் பார்த்தார். அம்மா ரசத்தைப் பார்த்தார். மைசூர்பாகு என் இலைக்குத் திரும்பி வந்தது, கொஞ்சம் நசுங்கி.

பன்னீரை முடித்தேன். பத்து நிமிடம் காத்திருந்தேன். அந்தப் பத்து நிமிடமும் மேசையில் யாரும் எழுந்து கை கழுவப் போகவில்லை. மோர் குடிப்பதாகப் பாவனை செய்துகொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மைசூர்பாகின் மூலையில் ஒரு துண்டு உடைத்தேன், கட்டைவிரல் நகம் அளவு. வாயில் வைத்தேன். நெய் உருகியது.

"என்ன ஆன்டி பாக்குறீங்க? உங்க எலையில இருக்குறத சாப்புடுங்க."

அப்போது எதிரிலிருந்து ஒரு குரல் வந்தது. பிறந்தநாளுக்குப் பிறகு அம்மா என்னிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை அது. ரசத்திலிருந்து கண்ணை எடுக்காமலேயே சொன்னார்.

"மெதுவா மெல்லு."

"எனக்குத் தெரியும்மா" என்றேன், வாயை மூடிக்கொண்டே, மெதுவாக மென்றபடி.